இரண்டு கை ஒன்றாக இறங்கும்போது

ஸ்டெல்லா, ஜெயராஜ்,

ரெண்டு பேரும் வாசியுங்கள். ஆனால் இதை எழுத உட்கார்ந்தது ஸ்டெல்லாவால்தான்.

போன ஞாயிறு போனில் நீ சொன்னாய், மகள். நீங்கள் ஆஸ்பத்திரிகளுக்குச் செய்து கொடுத்த கொம்பியூட்டர் வேலையைப் பற்றி ஒரு நர்ஸ் திரும்பத் திரும்பப் புகார் அனுப்புகிறாளாம். ஒரு நோயாளிக்குப் போட்ட எண் இன்னொருவர் பெயரில் போய் விழுகிறதாம். "நாங்க எல்லா மாதிரியும் செஞ்சு பாத்துட்டோம்ப்பா. எங்ககிட்ட ஒரு தடவைகூட வரல. அவங்கதான் தப்பா அமுக்குறாங்க. அந்தப் புகாரை மூடிட்டோம்" என்றாய். சொல்லிவிட்டுச் சிரித்தாய்.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. போனை உன் அம்மாவிடம் கொடுத்துவிட்டு எழுந்து போய்விட்டேன். கோபமா என்று அம்மா கேட்டாள். கோபம்தான். உன்மேல் இல்லை, "அவங்கதான் தப்பா அமுக்குறாங்க" என்ற அந்த வார்த்தைமேல். அந்த வார்த்தையை நான் ஒரு தோட்டத்துப் பெரிய துரையின் ஆபீசில் நின்று கேட்டிருக்கிறேன். அன்றைக்கு அதற்கு நான் தலையாட்டவில்லை. இன்றைக்கும் ஆட்டப் போவதில்லை.

உங்கள் அப்பா படித்தது பத்தாம் வகுப்பு. அதற்குமேல் படிக்க இறம்பொடையிலிருந்து எங்கே போவது? எழுபதுகளில் ஹட்டன் டவுனில் ஒரு ரேடியோக் கடையில் ஈயம் பற்றவைக்கப் பழகினேன். எண்பத்து மூன்று கலவரத்தில் அந்தக் கடை எரிந்தது. இங்கே அந்தக் கதை வேண்டாம். பிறகு கண்டியில் ஒரு கம்பனி. தராசு, சூடு பார்க்கும் பெட்டி, கொம்பியூட்டர் என்று தோட்டங்களுக்கு விற்கிறவர்கள். கொழும்பில் கொஞ்ச மாதம் பயிற்சி கொடுத்தார்கள். சிங்களத்தில் கேட்டு, இங்கிலீஷில் எழுதி, தமிழில் யோசித்து எப்படியோ தேறினேன். பயிற்சி பற்றி அவ்வளவுதான். மிச்சமெல்லாம் வேலையில் கற்றதுதான்.

கற்றுக்கொடுத்தவர் எங்கள் இஞ்சினியர் குணசேகர மாத்தயா; சிங்களத்தில் ஐயாவுக்கு மாத்தயா. அவரைப் பற்றிக் குறைவாகச் சொன்னால் அது அநியாயம். மெலிந்த மனிதர். சத்தம் போட்டு நான் கேட்டதே இல்லை. ஒரு மிசினைத் தொடுவதற்கு முன் சட்டைக் கையை மடிப்பார், கண்ணாடியைத் துடைப்பார், பென்சிலைக் காதில் செருகுவார். மூன்றும் முடியாமல் ஆணியைக்கூடத் திருகமாட்டார். என்னைக் கூப்பிடுவதே "ஐசே" என்றுதான். அவருக்கு ஒரு சட்டம் இருந்தது. "ஐசே ஜோசப், ஒரு நேரத்துல ஒண்ணுதான் மாத்தணும். ரெண்டை மாத்தினா எது செஞ்சதுன்னு தெரியாது." இன்னொன்றும் சொல்வார்: "திரும்பச் செஞ்சு காட்ட முடியாத பிழை, பிழை இல்லை." என்னை எத்தனையோ தடவை காப்பாற்றிய சட்டங்கள் அவை. அந்தச் சட்டங்களாலேயே ஒரு மனுசன் கெட்டுப்போகப் பார்த்ததுதான் இந்தக் கதை.

எண்பதுகளின் கடைசி. நோட்டன் பிரிட்ஜ் போகிற பாதையில் ஒரு தோட்டம். பெயர் வேண்டாம். அந்தத் தோட்டத்துப் பெக்டரியில் தேயிலை காயவைக்கும் டிரையர் இரண்டு. ஒன்றாம் டிரையரில் வேலாயுதம் அண்ணன், இரண்டாம் டிரையரில் சவரிமுத்து. ஒவ்வொரு டிரையரிலும் எங்கள் கம்பனி ஒரு பெட்டி மாட்டியது. பெட்டியில் சூடு காட்டும், கீழே ஒரு பித்தான் இருக்கும். பெக்டரிச் சங்கு ஊதுகிற நேரமெல்லாம் பித்தானை அமுக்கினால் அந்த நேரத்துச் சூடு கம்பி வழியாக டீமேக்கர் ஐயாவின் அறையில் இருக்கும் கொம்பியூட்டருக்குப் போய்க் காகிதத்தில் அடிபடும். டீமேக்கர் என்றால் பெக்டரிக்குப் பொறுப்பானவர். அவர்கூட முதல் வாரம் அந்த அறைக்குள் செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் போனார்.

மாட்டுகிற அன்றைக்கு வேலாயுதம் அண்ணன் என் பின்னாலேயே நின்று எல்லாவற்றையும் கேட்டார்.

"தம்பி, இந்தக் கம்பி நேரா கொம்பியூட்டருக்கா போகுது?"

"ஆமாண்ணே. உள்ள டிரைவர்னு ஒண்ணு இருக்கு. அதுதான் வாங்கி வைக்கும்."

"அதுக்கும் டிரைவரா? லைசன்ஸ் இருக்கான்னு பாத்தீங்களா?"

அப்போது சிரித்தேன். பிறகு அந்தக் கேள்வியை நினைக்காத நாள் இல்லை.

இரண்டு மூன்று மாதம் போயிருக்கும். அந்தத் தோட்டத்துத் தேயிலையில் கருகல் வாசம் என்று கொழும்பிலிருந்து ஒரு குறை வந்தது. தோட்டத்தை நடத்துகிற பெரிய துரை காகிதச் சுருளை விரித்துப் பார்த்தார். ஒன்றாம் டிரையரில் சூடு 210 பாரன்ஹீட்டைத் தாண்டக்கூடாது என்பது உத்தரவு. இடைக்கிடை 219 என்று அடித்திருந்தது. எல்லாம் வேலாயுதம் அண்ணன் நிற்கிற நேரம். அதே நேரங்களில் இரண்டாம் டிரையருக்கு எண்ணே இல்லை. துரைக்குக் கதை லேசாகப் புரிந்துவிட்டது. ஒருத்தன் சூட்டை ஏற்றிவிட்டு வேலையைச் சீக்கிரம் முடிக்கப் பார்க்கிறான், மற்றவன் பித்தானை அமுக்காமல் தூங்குகிறான்.

சவரிமுத்துவுக்கு எச்சரிக்கை. வேலாயுதம் அண்ணனை டிரையரிலிருந்து எடுத்து, தேயிலைச் செடி வெட்டுகிற கவ்வாத்து வேலைக்கு, மலைக்கு அனுப்புவது என்று பேச்சு. அவருக்கு வலது முழங்கால் மடங்காது. தேயிலைப் பெட்டி விழுந்த கால். அந்தக் காலோடு கவ்வாத்துக் கத்தியைப் பிடித்துக்கொண்டு சரிவில் நிற்க முடியாது. நிற்க முடியவில்லை என்றால் பெயரை வெட்டுவார்கள், அப்புறம் குடியிருக்கிற லயத்துக் காம்பிராவும் போகும். அதைவிட அவருக்கு வேறொன்று வலித்தது. "தம்பி, இருவது வருசத்துக்கு மேல இந்தச் சூட்டுல நிக்கிறேன். கையை வச்சாலே எத்தனை டிகிரின்னு சொல்லுவேன். நான் தேயிலையைக் கருக்கினேன்னு சொல்றாங்களே" என்றார். அழவில்லை. காறித் துப்பினார்.

விசாரணைக்கு முன் மிசினைப் பரிசோதிக்க நானும் குணசேகர மாத்தயாவும் போனோம். கொழுந்து குறைந்து பெக்டரி நின்றிருந்த நாள் அது. மாத்தயா சட்டைக் கையை மடித்தார், கண்ணாடி துடைத்தார், பென்சில் செருகினார். ஒன்றாம் பெட்டிக்குப் போய் அமுக்கினார். சரியாக வந்தது. நடந்து இரண்டாம் பெட்டிக்குப் போய் அமுக்கினார். சரி. திரும்ப ஒன்று. திரும்ப இரண்டு. கம்பியில் ஈரம் இருக்கும் என்பது என் எண்ணம். கழற்றித் துடைத்து மாட்டினேன், ஒரு வித்தியாசமும் இல்லை. நானும் தனியாக அமுக்கிப் பார்த்தேன். நல்ல பிள்ளை மாதிரி சொன்னபடி கேட்டது.

"மிசின்ல ஒண்ணுமில்லை ஐசே" என்றார். "ஆள்தான்."

அன்று மாலையே, வாடப் போட்டிருந்த கொழுந்தோடு பெக்டரி திரும்ப ஓடத் தொடங்கியது. பஸ்ஸுக்கு நேரம் இருந்ததால் உள்ளே போய் ஒரு மூலையில் நின்றேன். பெக்டரி ஓடும்போது உள்ளே நின்றிருக்கிறீர்களா? பெரிய காத்தாடிச் சத்தத்தில் பக்கத்தில் நிற்பவன் கத்தினாலும் வாய் அசைவதுதான் தெரியும். சங்கு ஊதுவது கதவுப் பக்கம் நிற்கிற வேலாயுதம் அண்ணனுக்கு மட்டும்தான் கேட்கும். சவரிமுத்துவுக்குக் கேட்காது. அதனால் அவர்களுக்குள் ஒரு பழக்கம். சங்கு கேட்டதும் வேலாயுதம் அண்ணன் கையை உயரத் தூக்குவார். சவரிமுத்து அதைப் பார்த்துத் தன் கையைத் தூக்குவான். அண்ணன் கை இறங்கும். இரண்டு பித்தானும் ஒன்றாக அமுங்கும். மாதா கோயில் பூசையில் மணி அடித்ததும் எல்லாரும் ஒன்றாக முழங்காலில் இருப்பது போல.

நான் பார்த்துக்கொண்டே நின்றேன். கம்பியைப் பற்றியோ ஈரத்தைப் பற்றியோ நான் அப்போது நினைக்கவில்லை. மாத்தயா நடந்த நடைதான் ஞாபகம் வந்தது. ஒன்றாம் பெட்டியிலிருந்து இரண்டாம் பெட்டிக்கு அவர் நடந்துதானே போனார்? அமுக்கியது ஒரே ஒரு கை.

என்ன பிழை என்று எனக்குத் தெரியாது. சத்தியமாகத் தெரியாது. ஆனால் நாங்கள் சோதித்தது அவர்கள் செய்கிற வேலையை இல்லை என்பது தெரிந்துவிட்டது.

அடுத்த நாள் காலை விசாரணை. பெரிய துரை மேசைக்குப் பின்னால், பக்கத்தில் டீமேக்கர் ஐயா, நாற்காலியில் குணசேகர மாத்தயா. நான் சுவரோரம். வேலாயுதம் அண்ணன் வாசலில் நின்றார், உட்காரச் சொல்லவில்லை.

"வேலாயுதம், நீ சூட்டை ஏத்தினேன்னு மிசின் சொல்லுது" என்றார் துரை.

"மிசின் சொல்லுதுங்க. நான் ஏத்தலைங்களே."

"மிசின் பொய் சொல்லுமா?"

"பொய்யோ மெய்யோ, அதுக்கு வாய் இல்லைங்க தொரை. வாய் இருந்தா நானே கேட்டிருப்பேன்."

டீமேக்கர் ஐயா சிரிப்பை அடக்கினார். துரை சிரிக்கவில்லை. மாத்தயா பக்கம் திரும்பினார். மாத்தயா, மிசினைப் பரிசோதித்தோம், பிழை எதுவும் கிடைக்கவில்லை என்று சொன்னார். அவர் பொய் சொல்லவில்லை. கிடைக்கவில்லைதான்.

"அப்ப ஆளுங்கதான் தப்பா அமுக்குறாங்க." துரை என்னைப் பார்த்தார். "நீயும் சோதிச்சே இல்லையா? மிசின் சரிதானே?"

சும்மா ஒரு பேச்சுக்குக் கேட்டது அது. "ஆமா சேர்" என்று சொல்லிவிட்டால் எல்லாரும் எழுந்து போய்விடலாம். இன்னும் பல தோட்டங்களுக்கு இதே மிசினை விற்கக் கம்பனி பேசிக்கொண்டிருந்தது எனக்குத் தெரியும். நான் வாய் திறந்தால் என் வேலை என்னாகும் என்பதும் தெரியும். ஸ்டெல்லா, அப்போது நீ உன் அம்மா வயிற்றில்.

"நான் தனியா அமுக்கினேன் சேர், சரியா வந்துச்சு. ஆனா இவங்க தனியா அமுக்கறதில்லை. ரெண்டு பேரும் ஒண்ணா அமுக்கறாங்க. அதை நாங்க சோதிக்கவே இல்லை. அதனால மிசின் சரின்னு என் வாயால சொல்லமாட்டேன்."

மாத்தயா கண்ணாடியைக் கழற்றினார். துடைக்கவில்லை, கையிலேயே வைத்திருந்தார்.

"எந்தத் தோட்டத்துப் பையன் நீ?" என்றார் துரை.

நீயும் லயத்துப் பிள்ளை, அதுதான் அவனுக்காகப் பேசுகிறாய் என்பதுதான் அந்தக் கேள்விக்கு அர்த்தம் என்று அங்கே நின்ற எல்லாருக்கும் தெரியும்.

"இறம்பொடைப் பக்கம் சேர். லயத்துலதான் பொறந்தேன். இப்ப சங்கு ஊதப் போகுது. வந்து பாத்துட்டு அவரை மலைக்கு அனுப்புங்க."

ஏனோ துரை எழுந்தார். கோபத்தில் எழுந்தாரா, என்னை எல்லார் முன்னாலும் மட்டம் தட்ட எழுந்தாரா தெரியாது. எழுந்தார், அது போதும்.

பெக்டரியில் மாத்தயா ஒன்றாம் பெட்டிப் பக்கத்தில் கண்ணாடிச் சூட்டுமானியோடு நின்றார். காகிதம் அடிக்கிற இடத்தில் நான். அண்ணன் கை தூக்கினார், இறக்கினார். 210, 199. இரண்டும் சரி. திரும்ப. சரி. திரும்ப. சரி. துரை கைக்கடிகாரத்தைப் பார்த்தார். டீமேக்கர் ஐயா என் காதில், "தம்பி, போதும்பா, மரியாதையா முடிச்சுக்க" என்றார். நான் கதவுக்கு வெளியே தலையை நீட்டி, "இன்னொருக்காண்ணே!" என்று கத்தினேன். சத்தத்தில் அவருக்குக் கேட்கவில்லை, கையால் காட்டினேன்.

சவரிமுத்துவுக்கு உற்சாகம் வந்துவிட்டது. இடைவேளையில் என்னிடம் ஓடிவந்து, "அண்ணே, கல்யாண வீட்டுல பொண்ணும் மாப்பிள்ளையும் ஒண்ணா விளக்கு ஏத்துற மாதிரி இருக்கு. தொரை வேற சாட்சிக்கு நிக்கிறாரு. மொய் வப்பாரா?" என்றான்.

"போய் ஒழுங்கா அமுக்குடா, தூங்குமூஞ்சி" என்றார் பின்னாலேயே வந்த வேலாயுதம் அண்ணன்.

திரும்பக் கை இறங்கியது. காகிதம் நகர்ந்தது. ஒன்றாம் டிரையர் 219. இரண்டாம் டிரையர் வெறும் இடம்.

நான் காகிதத்தைக் கிழித்துக்கொண்டு ஓடினேன். மாத்தயா கையில் இருந்த சூட்டுமானியைக் காட்டினார். 210. அவர் கண்ணால் பார்த்து, அவர் கையில் பிடித்திருந்த சூடு. காகிதத்தை வாங்கிப் பார்த்தார். "திரும்ப" என்றார். கொஞ்ச நேரம் எல்லாம் சரியாக வந்தது. பிறகு திரும்ப 219.

அவர் கொம்பியூட்டர் அறைக்குள் வந்து ஒரு தேயிலைப் பெட்டிமேல் உட்கார்ந்து காதிலிருந்து பென்சிலை எடுத்தார். துரை நின்றுகொண்டிருக்க அவர் உட்கார்ந்திருந்தார்; அப்படிச் செய்கிறவர் இல்லை அவர். காகிதத்தில் 219க்குக் கீழே ஒரு கோடு போட்டுவிட்டு என்னைப் பார்த்தார்.

"நான் ஒரே ஆள் ஐசே" என்றார். "அதுதான் பிழை."

பிள்ளைகளே, பிழை என்னவென்று அவர் சொல்லி நான் விளங்கிக்கொண்டதை எழுதுகிறேன். கொம்பியூட்டரின் முதுகில் இரண்டு வாசல், டிரையருக்கு ஒன்று. அதுதான் சீரியல் போர்ட். எண் ஒவ்வொரு இலக்கமாக ஒரே கம்பியில் வரும். 210 என்றால் முதலில் 2, பிறகு 1, பிறகு 0. ஒரு இலக்கம் வந்ததும் வாசல் தட்டும். டிரைவர் செய்கிற வேலையை அப்படியே போட்டுவிட்டு ஓடிவந்து அதை எடுத்து ஒரு தட்டில் வைக்கும். அந்த மிசினில் இடம் குறைவு, இரண்டு வாசலுக்கும் ஒரே தட்டு. அந்த டிரைவரை எழுதியவர் மாத்தயாதான்; அதற்கும் காவல் வைத்துத்தான் எழுதியிருந்தார்: தட்டு காலியா என்று பார், காலி என்றால் "ஆள் இருக்கு" என்று அடையாளம் போடு, மற்ற வாசல் பொறுக்கட்டும்.

லயத்துக்கெல்லாம் தண்ணீர் கொட்டுகிற பீலியை நினைத்துக்கொள்ளுங்கள். பீலிக்குக் கீழே குடம் இருந்தால் அது குடத்துக்காரியின் முறை. யாரும் தொடமாட்டார்கள். ஆனால் இரண்டு பேர் தங்கள் தங்கள் வாசலிலிருந்து எட்டிப் பார்க்கிறார்கள். பீலி காலி. இருவரும் உள்ளே போய்க் குடத்தை எடுத்து வருகிறார்கள். அப்புறம் என்ன? "நான் பாக்கும்போது காலியா இருந்துச்சு!" "நான் பாக்கும்போதும்தான் காலியா இருந்துச்சு!" இரண்டு பேரும் உண்மைதான் சொல்கிறார்கள். பார்ப்பதற்கும் வைப்பதற்கும் நடுவில் இருக்கிற அந்தச் சின்ன இடைவெளியில்தான் சண்டை பிறக்கிறது.

டிரைவருக்குள்ளும் அதேதான். ஒன்றாம் வாசலுக்காகத் தட்டு காலி என்று பார்த்து, அடையாளம் போடுவதற்குள் இரண்டாம் வாசல் தட்டிவிடும். அதுவும் பார்க்கும், காலி. இரண்டும் ஒரே தட்டில் வைக்கும். அண்ணனுடைய 210இல் கடைசிப் பூச்சியத்தின்மேல் சவரிமுத்துவின் 199இல் இருந்த கடைசி ஒன்பது வந்து விழும். 219. முந்தி வந்த எண் யாருடையதோ அவர் பெயரில் காகிதம் அடிக்கும், மற்றவருக்கு வெறும் இடம். வேலாயுதம் அண்ணன் கை எப்போதும் மயிரிழை முந்தும். சுறுசுறுப்பாக இருந்ததுதான் அவர் செய்த குற்றம்.

இது எல்லா நேரமும் வராது. அந்த இடைவெளி கண் சிமிட்டுவதைவிடச் சின்னது. அதில் சரியாகப் போய் விழுந்தால்தான் வரும். ஒருவர் மட்டும் நடந்து நடந்து அமுக்கினால் ஆயுசுக்கும் வராது.

இத்தோடு முடிந்தது என்று நினைத்தேன். முடியவில்லை. துரை எல்லாம் கேட்டுவிட்டு, "சரி. இனிமே வேலாயுதம் முதல்ல அமுக்கட்டும். கொஞ்சம் பொறுத்து மத்தவன் அமுக்கட்டும். மீறினா தண்டனை" என்றார். டீமேக்கர் ஐயா நல்லது என்றார். மாத்தயாகூடப் பேசாமல் இருந்தார். ஒரு செலவும் இல்லாத வழி.

"கூடாதுங்க சேர்" என்றேன்.

"இன்னும் என்ன?"

"நாளைக்கு ஒரு நாள் கை தவறி ஒண்ணா விழும். திரும்ப 219 அடிக்கும். திரும்ப இவங்களைத்தான் வாசல்ல நிக்க வைப்பீங்க. பிழை கொம்பியூட்டருக்குள்ள இருக்கு சேர். அங்கதான் தீக்கணும். இவங்க கையில தீக்கக்கூடாது."

"நீ யார் ஆள்? கம்பனி ஆளா, தொழிலாளி ஆளா?"

"நான் மிசின் பாக்கிற ஆள் சேர். மிசின் பிழையா இருக்கு."

அப்போது வேலாயுதம் அண்ணன் முன்னால் வந்தார். மடங்காத காலை இழுத்துக்கொண்டு துரைக்கு நேராக நின்றார். "தொரை, சங்கு ஊதினா அமுக்கச் சொன்னது நீங்க. இவனுக்குச் சங்கு கேக்காது. என் கை இறங்கினா ரெண்டு பேரும் அமுக்குவோம். அதுதான் எங்களுக்குத் தெரிஞ்ச வேலை. கொம்பியூட்டர் பழகிக்கட்டும்."

மாத்தயா பென்சிலைக் காதில் செருகிக்கொண்டு எழுந்தார். "எனக்கு ரெண்டு நாள் தாங்க" என்றார் துரையிடம்.

அவர்தான் திருத்தினார், நான் இல்லை. எனக்கு அவ்வளவு தெரியாது. தட்டைப் பார்ப்பதும் அடையாளம் போடுவதும் முடிகிறவரை எந்த வாசல் தட்டினாலும் காதில் விழாதபடி செய்தார். குடத்தைக் கையில் எடுத்துக்கொண்டே பீலிக்குப் போ என்று சொன்ன மாதிரி. எழுதியது சில வரிகள்தான். பிறகு ஓடுகிற பெக்டரியில் அந்த இரண்டு பேரையும் வைத்தே சோதித்தார். சங்குக்குச் சங்கு கை தூக்கி இறக்கினார்கள். கடைசியில் சவரிமுத்து, "மாத்தயா, கை வலிக்குது, உங்க டிரைவர் பாஸ்" என்றான். 219 ஒரு தடவைகூட வரவில்லை.

வேலாயுதம் அண்ணன் டிரையரிலேயே இருந்தார். மன்னிப்பு என்று யாரும் அவரிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை. அந்தத் தேயிலையில் ஏன் கருகல் வாசம் வந்தது என்று இன்றுவரை யாருக்கும் தெரியாது. அதற்குப் பிறகு யாரும் தேடவும் இல்லை. என்னைக் கம்பனி தோட்டங்களுக்கு அனுப்புவதை நிறுத்தியது. கண்டிக் களஞ்சியத்தில் பெட்டி அடுக்குகிற வேலை. வாயாடி என்று பெயர். மாத்தயா எனக்காகப் பேசியிருக்கலாம். பேசவில்லை. ஆனால் அதற்குப் பிறகு எங்கே சோதிக்கப் போனாலும் அவர் இரண்டு ஆட்களைக் கூட்டிக்கொண்டு போனார் என்று கேள்விப்பட்டேன். எனக்கு அது போதும். களஞ்சியத்தில் இருந்த காலத்துக்காக நான் யாரிடமும் வருத்தப்பட்டதில்லை. இன்னொரு தடவை அந்தச் சுவரோரம் நிறுத்தினாலும் அதையேதான் சொல்வேன்.

இப்போது ஸ்டெல்லா, உன்னிடம் வருகிறேன். நீ என்னைவிடப் படித்தவள். உன்னுடைய மிசினுக்குள் எத்தனை தட்டு, எத்தனை வாசல் என்று எனக்குத் தெரியாது. ஆனால் அந்த நர்ஸ் எந்த நேரத்தில் அமுக்குகிறாள் என்று கேட்டாயா? அந்த நேரத்தில் பக்கத்து வார்டில் வேறு யார் அமுக்குகிறார்கள் என்று கேட்டாயா? எல்லா மாதிரியும் செய்து பார்த்தோம் என்றாயே, எத்தனை பேர் சேர்ந்து செய்தீர்கள்?

நாளைக்கு வேலைக்குப் போனதும் மூடியதைத் திற. பக்கத்து மேசைப் பிள்ளையைக் கூப்பிடு. நீ கையைத் தூக்கு, அவளும் தூக்கட்டும். ஒன்றாக இறக்குங்கள். வரவில்லையென்றால் திரும்ப. துரை கடிகாரத்தைப் பார்த்தாலும் திரும்ப.

அப்பா